பழுதில்லாத விமானம் மலையில் மோதுவது எப்படி?

2012 மார்ச் 15 அன்று பிற்பகல், நார்வே விமானப்படையின் சரக்கு விமானம் ஒன்று ஸ்வீடன் நாட்டின் மிக உயர்ந்த மலையான கெப்னகைசேயின் மேற்குப் பக்கத்தில் மோதி நொறுங்கியது. அதில் இருந்த நார்வே அதிகாரிகள் ஐவரும் உயிரிழந்தனர். அது 2010இல்தான் படையில் சேர்ந்த சி-130ஜே சூப்பர் ஹெர்குலிஸ் விமானம். அதன் இயந்திரங்களிலோ கருவிகளிலோ பழுது இருந்ததாகப் பின்னர் நடந்த புலனாய்வில் தெரியவரவில்லை. மோதுவதற்கு முந்தைய அரை நிமிடம் அது ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் அனுமதித்த உயரத்தில் சீராகப் பறந்துகொண்டிருந்தது. விமானிகள் எதை நினைத்து விமானத்தைச் செலுத்தினார்களோ அதையே அது கடைசி நொடி வரை பிசகாமல் செய்தது.

இவ்வகை விபத்துக்கு விமானத் துறையில் தனிப் பெயர் உண்டு. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ‘சி.எஃப்.ஐ.டி.’ என்று எழுதுவார்கள்; பேச்சில் ‘சீஃபிட்’ என்பார்கள். பறக்கத் தகுந்த நிலையில், விமானியின் முழுக் கட்டுப்பாட்டில் இருக்கும் விமானம், அவர் அறியாமலேயே நிலத்திலோ நீரிலோ மலையிலோ போய் மோதுவது என்று அதற்குப் பொருள். இயந்திரம் நின்றுபோய் விழுவதும், இறக்கை முறிந்து விழுவதும், வேகம் குறைந்து காற்றின் தாங்குதிறனை இழந்து விழுவதும் இந்த வகையில் சேரா. அவற்றில் விமானி ஏதோ ஒன்றுடன் போராடிக்கொண்டிருப்பார். சீஃபிட் விபத்தில் போராட்டமே நிகழ்வதில்லை. ஆபத்து இருப்பதே தெரியாதவருக்குப் போராட எதுவும் இல்லை. விமானி அறையின் ஒலிப்பதிவில் கடைசி வரை வழக்கமான பேச்சே இருக்கும் இவ்வகை விபத்துகள், கேட்பவரை மற்றவற்றைவிட அதிகமாக உலுக்குவதற்கு அதுவே காரணம்.

செய்தித்தாள்களில் இத்தகைய விபத்துக்கு ‘மோசமான வானிலை’ என்ற இரண்டு சொற்களில் காரணம் எழுதி முடித்துவிடுவார்கள். மேகம் மலையை மறைக்கும் என்பது உண்மைதான். ஆனால் உலகெங்கும் நாள்தோறும் ஆயிரக்கணக்கான விமானங்கள் எதையும் கண்ணால் பார்க்காமல் மேகத்துக்குள் பறந்து, மலைகளைக் கடந்து, பத்திரமாக இறங்குகின்றன. மலைக்கு மேலே எவ்வளவு உயரத்தில் பறக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்திருப்பதால் அவற்றுக்கு மலையைப் பார்க்க வேண்டிய தேவை இல்லை. ஆகவே, மலை ஏன் தெரியவில்லை என்று கேட்டால் விடை கிடைக்காது. அந்த இடத்தில் அந்த உயரத்துக்கு விமானம் எப்படி வந்தது, அந்த உயரத்துக்குப் பொறுப்பு யாருடையது என்றுதான் கேட்க வேண்டும்.

அன்றைய பயணத்தை முதலில் பார்ப்போம். நார்வே தலைமையில் நடந்த ‘கோல்ட் ரெஸ்பான்ஸ்’ என்னும் போர்ப் பயிற்சிக்காக, ‘ஹேஸ் 01’ என்ற அழைப்புப் பெயருடன், வட நார்வேயின் ஈவனெஸ் விமான நிலையத்திலிருந்து 13.40 மணிக்கு அந்த விமானம் புறப்பட்டது. போக வேண்டிய இடம் எல்லைக்கு அப்பால் ஸ்வீடனில் உள்ள கீருனா. நேராகப் போனால் சிறு தொலைவுதான். ஆயினும் விமானம் ஈவனெஸுக்குத் தெற்கே, 13,000 அடியைக் குறிக்கும் ‘ஃப்ளைட் லெவல் 130’ என்ற மட்டத்தில், ஏறக்குறைய ஒரு மணி நேரம் வட்டமிட்டுக் காத்திருந்தது. பிறகு கீருனாவை நோக்கித் திரும்பியதும், நார்வேக் கட்டுப்பாட்டாளர் அதை ஸ்வீடன் பக்கத்திடம் ஒப்படைத்தார். ஸ்வீடன் பகுதிக் கட்டுப்பாட்டு மையம், ‘உங்களுக்கு வசதியானபோது’ ஃப்ளைட் லெவல் 100 வரை இறங்கலாம் என்று அனுமதி அளித்து, கீருனா விமான நிலையத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரத்தைத் தொடர்புகொள்ளுமாறு கூறியது. விமானம் உடனே இறங்கத் தொடங்கியது. கீருனாவுக்கு மேற்கே 50 கடல் மைலில் இருப்பதாக விமானிகள் கோபுரத்திடம் தெரிவித்து, நெருங்கி வந்ததும் கண்ணால் பார்த்து இறங்கும் முறையைக் கேட்டனர். கோபுரம் ஃப்ளைட் லெவல் 70 வரை இறங்க அனுமதித்தது. 14.57 மணிக்கு விமானம் அந்த மட்டத்தை அடைந்து சமநிலைக்கு வந்தது. அப்போது தரையைப் பொறுத்து அதன் வேகம் சுமார் 280 நாட், அதாவது மணிக்கு 500 கிலோமீட்டருக்கும் மேல். அரை நிமிடம் கழித்து அது கெப்னகைசேயின் வடக்கு, தெற்குச் சிகரங்களுக்கு இடைப்பட்ட மலைமுகட்டில் மோதியது. கீருனாவுக்கு இன்னும் 42 கடல் மைல், கிட்டத்தட்ட 77 கிலோமீட்டர், மீதம் இருந்தது.

இதைப் படிக்கும் புதியவருக்கு ஓர் ஐயம் எழ வேண்டும். கெப்னகைசேயின் உயரம் சுமார் 2,100 மீட்டர். அடிக் கணக்கில் 6,900தான் வருகிறது. ஃப்ளைட் லெவல் 70 என்றால் 7,000 அடி. அப்படியானால் மிகச் சிறிய இடைவெளியிலாவது விமானம் சிகரத்தைத் தாண்டியிருக்க வேண்டும் அல்லவா? இரு சிகரங்களுக்கும் நடுவே உள்ள முகடு சிகரங்களைவிடத் தாழ்வானது. அதில் எப்படி மோதியது?

விமானத்தின் உயரமானி எதை அளக்கிறது என்பதில் இதற்கு விடை இருக்கிறது. அது உயரத்தை அளப்பதில்லை. வெளிக்காற்றின் அழுத்தத்தை அளந்து, அதை உயரமாக மாற்றிக் காட்டுகிறது. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும் என்ற விதியை வைத்துக்கொண்டு, கடல் மட்டத்தில் இன்ன அழுத்தம் இருந்தால் இந்த அழுத்தத்துக்கு இன்ன உயரம் என்று கணக்கிடுகிறது. கடல் மட்ட அழுத்தமோ ஒவ்வொரு நாளும் ஒவ்வோர் ஊரிலும் மாறுவது. உயரத்தில் பறக்கும் விமானங்கள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க வேண்டுமானால் எல்லா விமானங்களும் ஒரே அளவுகோலைப் பயன்படுத்த வேண்டும் என்பதால், கடல் மட்ட அழுத்தம் எங்கும் எப்போதும் 1013.25 ஹெக்டோபாஸ்கல் என்று வைத்துக்கொண்டு படிக்கும் வழக்கம் ஏற்பட்டது. அப்படிப் படித்த உயரத்தின் கடைசி இரு சுழிகளை நீக்கிச் சொல்வதே ஃப்ளைட் லெவல். விமானத்துக்கும் விமானத்துக்கும் இடையே உள்ள இடைவெளியைக் காக்க இது மிகச் சிறந்த ஏற்பாடு. எல்லாருடைய உயரமானியும் ஒரே அளவு தவறாகக் காட்டினால் இடைவெளி மாறாது. ஆனால் மலையிடம் உயரமானி கிடையாது.

எடுத்துக்காட்டாக, ஓரிடத்தில் அன்றைய கடல் மட்ட அழுத்தம் 1000 ஹெக்டோபாஸ்கல் என்று கொள்வோம். ஒரு ஹெக்டோபாஸ்கல் வேறுபாடு ஏறக்குறைய 30 அடிக்குச் சமம். 13 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால், உயரமானி 7,000 என்று காட்டும்போது விமானம் உண்மையில் சுமார் 6,600 அடியில்தான் இருக்கும். காற்று குளிர்ந்திருந்தால் பிழை இன்னும் கூடும். குளிர்ந்த காற்று அடர்ந்து படிவதால், மேலே போகும்போது அழுத்தம் வழக்கத்தைவிட வேகமாகக் குறைகிறது. அந்த உயரத்துக்குரிய இயல்பான வெப்பநிலையைவிட 10 பாகை குளிர்ந்தால் சுமார் 4 விழுக்காடு உயரம் கழியும் என்பது விமானிகளின் மனக்கணக்கு. மலைமுகட்டைக் கடந்து வீசும் பலத்த காற்றும் அந்த இடத்தில் அழுத்தத்தைக் குறைத்து, பிழையைப் பெருக்கும். மூன்றும் விமானத்தை ஒரே திசையில், அதாவது காட்டும் உயரத்துக்குக் கீழே, இறக்கிவைக்கின்றன. உச்சியே 6,900 அடி உள்ள மலையில், 7,000 அடி என்று காட்டிய விமானம் மோதியதே, எண்ணுக்கும் உண்மை உயரத்துக்கும் இருந்த இடைவெளிக்குச் சான்று.

இத்தகைய பிழைகள் விமானத் துறைக்குத் தெரியாதவை அல்ல. அவற்றுக்காகத்தான் ‘குறைந்தபட்சப் பாதுகாப்பு உயரம்’ என்ற ஒன்றை விதித்திருக்கிறார்கள். கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் விமானம், மலைப்பகுதியில், தன் பாதையைச் சூழ்ந்த நிலத்தின் மிக உயர்ந்த புள்ளிக்கு மேல் 2,000 அடியாவது விட்டுப் பறக்க வேண்டும். சமவெளியில் 1,000 அடி போதும். கெப்னகைசேயை ஒட்டிய பாதையில் இந்தக் கணக்கு 8,900 அடிக்குச் சற்று மேலே நிற்கும். அன்றைய அழுத்தத்தையும் குளிரையும் கணக்கில் சேர்த்தால் இன்னும் உயரும். ஃப்ளைட் லெவல் 70 அந்த வரம்புக்குக் கிட்டத்திலேயே வரவில்லை. அதே எண் கீருனாவுக்கு அருகில் சாதாரணமானது. அந்த விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 460 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. அதன் அருகில் 7,000 அடியில் வரும் விமானத்தின் கீழே வேண்டிய அளவு இடம் உண்டு. ஒரே எண், 77 கிலோமீட்டர் மேற்கே, மலைக்குள் போகிறது.

இனி, பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கு வருவோம். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் ஓர் உயரத்துக்கு அனுமதி அளித்தால், அங்கே மலை இல்லை என்று அவர் உறுதி சொல்வதாகத்தான் வெளியாள் நினைப்பார். உண்மை அப்படி இல்லை. கட்டுப்பாட்டாளரின் முதல் வேலை விமானத்தை விமானத்திடமிருந்து காப்பது. ரேடாரில் பார்த்து, இந்தத் திசையில் திரும்பு என்று அவரே வழிநடத்தும் நேரத்தில் மட்டுமே மலையிலிருந்து காக்கும் கடமையும் அவரைச் சேரும்; விமானி தன் வழியைத் தானே பார்த்துக்கொண்டு வரும்போது, நிலத்தைவிட மேலே இருப்பது விமானியின் கடமை என்றே பன்னாட்டு விதிகள் கூறுகின்றன. இதற்குமேல் வான்வெளியே இரண்டாகப் பிரிந்திருக்கிறது. கட்டுப்பாட்டு வான்வெளியில் கட்டுப்பாட்டாளரின் சொல் ஆணை. அதற்குக் கீழே உள்ள கட்டுப்பாடற்ற வான்வெளியில் அவர் தகவல் தருபவர் மட்டுமே. விபத்து நடந்த பகுதியில் கட்டுப்பாட்டு வான்வெளியின் கீழ் எல்லை ஃப்ளைட் லெவல் 125. ஆக, ‘வசதியானபோது 100 வரை இறங்கலாம்’ என்ற முதல் அனுமதியிலேயே விமானம் கட்டுப்பாட்டு வான்வெளியை விட்டு வெளியேறிவிட்டது. அந்த எல்லையைக் கடக்கும்போது மணி ஒலிப்பதில்லை. வானொலியில் அதே குரல், அதே சொற்கள், அதே ஒழுங்கு.

வீட்டில் இருவர் இருக்கும்போது வாசல் கதவு தாழிடப்படாமலேயே கிடக்கும் இரவுகள் உண்டு. அவர் போட்டிருப்பார் என்று இவரும், இவர் போட்டிருப்பார் என்று அவரும் படுத்துவிடுவார்கள். இருவரில் ஒருவர் மட்டுமே வீட்டில் இருந்திருந்தால் கதவு நிச்சயம் பூட்டப்பட்டிருக்கும். அனுமதி கேட்பதும் அளிப்பதுமான உரையாடலில் இந்த நிலை மிக எளிதாக உருவாகிறது. கட்டுப்பாட்டாளர் ஓர் எண்ணைச் சொல்லும்போது, அது இறங்கலாம் என்ற அனுமதி. எப்போது, எவ்வளவு இறங்குவது பாதுகாப்பு என்பதை விமானி பார்த்துக்கொள்வார் என்பது அவர் பக்கத்துக் கணக்காக இருக்க முடியும். விமானியின் காதில் அதே எண், சரிபார்க்கப்பட்ட உயரமாக விழ முடியும். இருவருமே தம் வேலையைச் செய்வதாகவே எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

இது புதிதாகக் கண்டுபிடித்த ஆபத்தும் இல்லை. 1974 டிசம்பர் 1 அன்று, வாஷிங்டன் அருகே டல்லஸ் விமான நிலையத்தை நெருங்கிக்கொண்டிருந்த டி.டபிள்யூ.ஏ. 514 என்ற போயிங் 727 பயணிகள் விமானம், வர்ஜீனியாவின் மவுண்ட் வெதர் மலையில் மோதி 92 பேர் இறந்தனர். ‘இறங்குமுகத்துக்கு அனுமதி’ என்று கட்டுப்பாட்டாளர் சொன்னதை, 1,800 அடி வரை உடனே இறங்கலாம் என்று விமானிகள் புரிந்துகொண்டார்கள். வரைபடத்தில் அந்தப் பகுதிக்கு 3,400 அடி என்று இருந்ததைக் கவனித்துப் பேசவும் செய்தார்கள். அனுமதி வந்துவிட்டதால் இறங்கலாம் என்றே முடிவெடுத்தார்கள். தலைமை விமானி அனுபவமற்றவர் அல்லர். அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமே இதில் ஒருமித்த முடிவுக்கு வர முடியவில்லை: மூன்று உறுப்பினர்கள் விமானிகளின் முடிவை முதன்மைக் காரணமாகக் கண்டனர், இருவர் கட்டுப்பாட்டாளர்களின் தவறுதலை முன்வைத்தனர். ஆறு வாரங்களுக்கு முன் வேறொரு நிறுவனத்தின் விமானம் இதே தவறான புரிதலால் அதே மலையில் மயிரிழையில் தப்பியிருந்தது என்பதும், அந்த எச்சரிக்கை இவர்களை வந்தடையவே இல்லை என்பதும் பிறகு தெரிந்தன. அதன் விளைவாகத்தான், விமானிகளும் கட்டுப்பாட்டாளர்களும் தண்டனைக்கு அஞ்சாமல் தம் தவறுகளைத் தெரிவிக்கும் ஏற்பாடு 1976இல் அமெரிக்காவில் தொடங்கியது.

அதே விபத்து இன்னொன்றையும் விரைவுபடுத்தியது: தரை நெருங்குவதை எச்சரிக்கும் கருவி. டான் பேட்மன் என்ற பொறியாளரின் பெயரோடு இணைந்த இக்கருவி, பெரிய பயணிகள் விமானங்களில் இருந்தே தீர வேண்டும் என்று அமெரிக்கா ஆணையிட்டது. தொடக்ககாலக் கருவி எப்படி வேலை செய்தது என்பதை அறிந்தால் அதன் குறையும் புரிந்துவிடும். விமானத்தின் வயிற்றிலிருந்து வானொலி அலைகளைச் செங்குத்தாகக் கீழே அனுப்பி, அவை திரும்பி வரும் நேரத்தைக் கொண்டு தரை எவ்வளவு கீழே இருக்கிறது என்று அது அளக்கும். தரை வேகமாக மேலெழுந்து வந்தால் கூவும். ஆனால் அது பார்ப்பது காலடியை மட்டுமே. ஆழ்ந்த பள்ளத்தாக்கின் மேல் பறக்கும் விமானத்துக்குக் கீழே நிறைய இடம் இருப்பதாகவே தோன்றும். எதிரே செங்குத்தாக நிற்கும் பாறைச் சுவர் அதன் பார்வையில் படாது. 1979 நவம்பர் 28 அன்று அன்டார்க்டிகாவின் எரெபஸ் மலையில் ஏர் நியூசிலாந்து விமானம் மோதி 257 பேர் இறந்தபோது, கருவி எச்சரித்தது. மோதலுக்குச் சுமார் ஆறு நொடிகளுக்கு முன்பு. இந்தக் குறையைத் தீர்க்க, உலகின் நிலப்பரப்பு உயரங்களைக் கணினி நினைவில் ஏற்றி, விமானம் இருக்கும் இடத்தோடு ஒப்பிட்டு, முன்னால் வரப்போகும் மலையை முன்கூட்டியே சொல்லும் மேம்பட்ட கருவிகள் 1990களில் வந்தன.

ஹெர்குலிஸ் போன்ற நவீன இராணுவச் சரக்கு விமானத்தில் எச்சரிக்கை அமைப்பு இல்லாமல் இல்லை. ஆனால் இராணுவ விமானத்துக்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. பள்ளத்தாக்குகளுக்குள் தாழப் பறந்து பொருள்களைப் போடுவதும் குறுகிய ஓடுதளங்களில் இறங்குவதும் அதன் அன்றாட வேலை. பயணிகள் விமானத்துக்கு உரிய எச்சரிக்கை வரம்புகளை அப்படியே வைத்தால், கருவி ஓயாமல் கூவிக்கொண்டே இருக்கும். ஓயாமல் கூவும் எச்சரிக்கையை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். அதனால் வரம்புகளைத் தளர்த்திக்கொள்ளும் அமைப்புகள் இத்தகைய விமானங்களில் இருக்கின்றன. ஹேஸ் 01 விமானத்தில், நிலப்பரப்பின் வடிவமும் அப்போது இருந்த கருவி அமைப்புகளும் சேர்ந்து, எச்சரிக்கை எழுவதற்கான நிபந்தனைகளே நிறைவேறாத நிலையை உண்டாக்கின என்று புலனாய்வாளர்கள் கண்டறிந்தனர். கருவி பழுதாகவில்லை, அதற்குச் சொல்லிவைத்தபடி மௌனமாக இருந்தது.

தேடுதலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். புயல்காற்றும் பார்வை மறைக்கும் பனிமூட்டமும் இருந்ததால், நொறுங்கிய பாகங்கள் கண்ணில் பட இரண்டு நாள் ஆயிற்று. மோதலின் அதிர்ச்சியில் பனிச்சரிவு ஏற்பட்டுப் பெரும்பகுதியை மூடிவிட்டிருந்தது. மலைகளில் தேடுதல் இதைவிட நீண்டதும் உண்டு: 2019 ஜூன் 3 அன்று அசாமின் ஜோர்ஹாட்டிலிருந்து அருணாசலப் பிரதேசத்தின் மெச்சுகாவுக்குப் புறப்பட்டு 13 பேருடன் காணாமற்போன இந்திய விமானப்படையின் ஏஎன்-32 விமானத்தின் சிதைவுகள், எட்டு நாள் கழித்து, சுமார் 12,000 அடி உயரத்தில், ஹெலிகாப்டரிலிருந்துதான் தென்பட்டன.

புலனாய்வாளர்களுக்கு முதலில் வேண்டியவை கறுப்புப் பெட்டிகள். பெயருக்கு மாறாக அவை செம்மஞ்சள் நிறத்தவை. சிதைவுகளுக்கு நடுவே கண்ணில் பட வேண்டும் என்பதற்காக அந்த நிறம். ஒன்று விமானி அறையின் குரல்களைப் பதிவுசெய்யும். மற்றொன்று உயரம், வேகம், திசை, இயந்திர நிலை போன்றவற்றைத் தொடர்ந்து குறித்துவைக்கும். கெப்னகைசேயில் அவற்றின் பதிவுகள் பனி உருகிய கோடைக்காலத்தில்தான் கைக்கு வந்தன. விமானம் கிடைமட்டமாகப் பறந்து மோதியது, வேகம் இவ்வளவு, இயந்திரங்கள் ஒழுங்காக ஓடின, அடியில் இருந்த ஆபத்தை விமானிகள் அறியவில்லை ஆகிய முடிவுகள் அந்தப் பதிவுகளிலிருந்து கிடைத்தவை. அவை இல்லாமல் போயிருந்தால் புயல் மீது பழியைப் போட்டுக் கோப்பை மூடுவது எவ்வளவு எளிதாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

யார் புலனாய்வது என்பதும் இராணுவ விமானத்தில் எளிய கேள்வி இல்லை. பயணிகள் விமான விபத்துகளுக்கு, சிகாகோ உடன்படிக்கையின் 13ஆம் இணைப்பு வழிகாட்டுகிறது: விபத்து நடந்த நாடு புலனாய வேண்டும், நோக்கம் எதிர்கால விபத்தைத் தடுப்பது, குற்றம் சுமத்துவது அன்று. ஆனால் அதே உடன்படிக்கையின் 3ஆம் பிரிவு, இராணுவ விமானங்களை ‘அரசு விமானங்கள்’ என்று ஒதுக்கிவைக்கிறது. ஆகவே பல நாடுகளில் படையே தனக்குள் விசாரித்துக்கொள்கிறது. இந்தியாவிலும் ‘கோர்ட் ஆஃப் என்கொயரி’ எனப்படும் படை விசாரணைதான் நடக்கும். அதன் அறிக்கை பெரும்பாலும் பொதுமக்கள் பார்வைக்கு வருவதில்லை. ஸ்வீடனில், குடிமை விமானத்தையும் இராணுவ விமானத்தையும் ஒரே ஆணையம் புலனாய்கிறது. அந்த ஆணையம் படைக்கும் விமானப் போக்குவரத்துத் துறைக்கும் வெளியே இருப்பது. இன்னொரு நாட்டின் படை விமானம் தன் மண்ணில் விழுந்ததை அது ஒன்றரை ஆண்டு ஆராய்ந்து, மீட்புப் பணி நடந்த விதத்தையும் சேர்த்து, 2013 அக்டோபரில் விரிவான அறிக்கையாக எல்லாரும் படிக்கும்படி வெளியிட்டது. இந்த விபத்தைப் பற்றி இவ்வளவு துல்லியமாக நம்மால் பேச முடிவது அதனால்தான்.

அறிக்கையின் காரணப் பகுதி இரண்டு அடுக்குகளாக இருக்கிறது. முதல் அடுக்கு: கட்டுப்பாட்டாளர்கள் அளித்த அனுமதிகளில் இருந்த குறைகளையும் அவற்றைப் பின்பற்றுவதில் இருந்த ஆபத்தையும் விமானக் குழுவினர் கவனிக்கவில்லை; அதனால் விமானம் கட்டுப்பாட்டு வான்வெளியை விட்டு வெளியேறி, சுற்றியுள்ள நிலத்தைவிடத் தாழ்ந்த உயரத்தில் பறக்க நேர்ந்தது. பலர் இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் படித்துவிட்டு, ‘விமானியின் தவறு’ என்று சுருக்கிவிடுவார்கள். வாக்கியத்துக்குள்ளேயே குறைபாடுள்ள அனுமதி என்ற பாதி இருப்பதை அவர்கள் பார்ப்பதில்லை.

இரண்டாம் அடுக்குதான் எனக்கு முக்கியமாகப்படுகிறது. இந்த விபத்து நிகழ இடம்கொடுத்த நிறுவனக் குறைகள் என்று அது இரண்டைச் சொல்கிறது. விமானங்கள் பாதையின் குறைந்தபட்சப் பாதுகாப்பு மட்டத்துக்குக் கீழே போகாமல் தடுக்கும் போதிய பணிமுறைகள் தன் குழுவினரிடம் இருப்பதை நார்வே விமானப்படை உறுதிசெய்யவில்லை. கருவிகளை நம்பிப் பறக்கும் விமானத்துக்கு, விமானி தாமாகக் கேட்டாலொழிய, கட்டுப்பாட்டு வான்வெளிக்குள் மட்டுமே அனுமதி அளிக்கப்படுவதையும், விமானிக்கு வேண்டிய தகவல் தரப்படுவதையும் உறுதிசெய்யும் பணிமுறைகள், ஸ்வீடனின் வான்வழிச் சேவை அமைப்பான எல்.எஃப்.வி.யிடம் போதுமான அளவில் இல்லை. கதவைத் தாழிடுவது யார் வேலை என்று இரண்டு வீட்டாரும் எழுதிவைக்கவில்லை என்பதே இதன் சாரம்.

பிரிட்டிஷ் உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன் இதைத் துளைகள் உள்ள பாலாடைக்கட்டித் துண்டுகளோடு ஒப்பிட்டார்: ஒவ்வொரு துண்டும் ஒரு தடுப்பு, எல்லாத் துளைகளும் ஒரே நேர்கோட்டில் அமையும் நாளில் விபத்து ஊடுருவி வருகிறது. நம் ஊர் பன்னீரில் துளை இருப்பதில்லை என்பதால், ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் கோட்டை மதில்களை எண்ணிக்கொள்வது நமக்கு எளிது. ஒவ்வொரு மதிலிலும் எங்கோ ஓர் இடிந்த இடம் இருக்கும். அவை வெவ்வேறு திசையில் இருக்கும் வரை எதிரி உள்ளே வர முடியாது. கெப்னகைசேயில், பகுதிக் கட்டுப்பாட்டாளரின் அனுமதி, கோபுரத்தின் அனுமதி, விமானிகளின் சரிபார்ப்பு, எச்சரிக்கைக் கருவி ஆகிய நான்கு மதில்களையும் கடக்க ஹேஸ் 01 விமானத்துக்குச் சில நிமிடங்களே தேவைப்பட்டன.

ஒரே விபத்தை இரண்டு விதமாகப் படிக்க முடியும் என்பதற்கு எரெபஸ் விபத்தே பெயர்போன சான்று. நியூசிலாந்தின் தலைமை விபத்துப் புலனாய்வாளர் தயாரித்த முதல் அறிக்கை, இருக்கும் இடத்தை உறுதிசெய்யாமல் தாழ இறங்கியதாக விமானிகளைச் சுட்டியது. பிறகு நீதிபதி பீட்டர் மாஹன் தலைமையில் அமைந்த ஆணையம், 1981இல், பயணப் பாதையின் ஆயத்தொலைவுகளைப் புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பு நிறுவனம் மாற்றிவிட்டு, அதை விமானிகளுக்குச் சொல்லாததே முதன்மைக் காரணம் என்று முடிவுசெய்தது. கடல்மேல் போகிறோம் என்று விமானிகள் நம்பிய பாதை, மலைக்கு நேராகப் போய்க்கொண்டிருந்தது. இரு அறிக்கைகளும் சொன்ன நிகழ்ச்சிகள் பெரும்பாலும் ஒன்றே. விமானி அறையின் கதவோடு கேள்வியை நிறுத்துவதா, அதற்கு வெளியே உள்ள அலுவலகங்களுக்குள்ளும் கொண்டுசெல்வதா என்பதில்தான் வேறுபாடு. ஸ்வீடன் ஆணையம் அந்தக் கேள்வியை இரண்டு நாட்டு அலுவலகங்களுக்குள்ளும் கொண்டுசென்றது.

கெப்னகைசேயின் மேற்குப் பக்கத்தில் ராபோட் என்ற பனியாறு இருக்கிறது. விபத்தில் சுமார் 11,000 லிட்டர் விமான எரிபொருள் அங்கே பனியில் கலந்தது. அது எவ்வழியாகக் கசிந்து கீழேயுள்ள நீரோடைகளை அடைகிறது என்பதை நீரியல் ஆய்வாளர்கள் பின்னர் ஆராய்ந்தனர். பனியாறு மெல்ல நகர்ந்து உருகிக்கொண்டிருப்பதால், விமானத்தின் துண்டுகள் கோடைகளில் மேலே வந்தன. நார்வேப் படையினர் மலையேறிச் சென்று அவற்றைச் சேகரித்தார்கள். மலையும் அப்படியே இருக்கவில்லை. பனி மூடிய தெற்குச் சிகரம் உருகித் தாழ்ந்துவிட்டதால், 2019இல், 2,096 மீட்டர் உயரமுள்ள பாறையாலான வடக்குச் சிகரம் ஸ்வீடனின் மிக உயர்ந்த இடமாயிற்று.